ஏர் வைஸ் மார்ஷல் எட்டுப் போட்ட கதை

ஓய்வு பெற்ற அன்று மாலை வரை என் காரின் முன்னால் ஒரு குட்டிக் கொடியும், நம்பர் பலகைக்கு மேலே இரண்டு நட்சத்திரமும் இருந்தன. கதவைத் திறக்க ஒருவர், திறந்த கதவுக்கு சல்யூட் அடிக்க இன்னொருவர். விமானப்படையில் முப்பத்தாறு வருஷம். கடைசிப் பதவி ஏர் வைஸ் மார்ஷல். ராணுவத்தில் மேஜர் ஜெனரல் என்பார்களே, அதற்குச் சமம். இப்படி விளக்கினால்தான் மயிலாப்பூரில் எடுபடுகிறது. "மார்ஷல்" என்று மட்டும் சொன்னால், சட்டசபையில் எம்.எல்.ஏ.க்களைத் தூக்கி வெளியே விடுகிறவர் என்று நினைத்து என் தோளையும் கையையும் பார்த்துவிட்டு, "பாத்தா அப்படித் தெரியலியே" என்கிறார்கள்.

பத்தே நாளில் நான் தெற்கு மாட வீதியில் என் மனைவியின் ஸ்கூட்டருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு முழு வாழைத்தண்டு. குறுக்கே பிடித்தால் இரண்டு பக்கமும் போகிறவர்களை இடித்தது. அதனால் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டேன். அணிவகுப்பில் நின்ற பழக்கம், முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. பூக்கடைக்காரர் ஒருவர் என்னை வணங்கினார். மரியாதையா கேலியா என்று இன்றுவரை தெரியாது.

என் மனைவி ஸ்கூட்டர் கற்றுக்கொண்டது கல்யாணமான மூன்றாவது வருஷம், வடக்கே ஒரு விமானத்தளத்தில். நான் பாதி நாள் ஆகாயத்தில் இருப்பேன். மீதி நாள் வேறு ஊரில். கேஸ் சிலிண்டர், குழந்தைகளின் ஸ்கூல், ஜுரம், மளிகை எல்லாம் அவள் ஸ்கூட்டரில்தான் நடந்தன. அவளுக்கு நிகரான விமானியை நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னால் சும்மா உட்கார்ந்து வர எனக்குத் தெரியவில்லை. துணை விமானி செய்வதுபோல, பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வலது பக்கம் யாரும் இல்லை. பத்து மணியில் ஒரு ஆட்டோ."

"பத்து மணிக்கு ஆட்டோ எதுக்கு? இப்போ மணி ஒம்பதுதானே ஆறது?"

"திசையைச் சொல்றேன். கடிகார முள் பத்தைக் காட்டற திசை."

"ஏன்னா, வாயை மூடிண்டு வாங்கோ. இல்லேன்னா லஸ்ல இறக்கி விட்டுடுவேன்."

"மூணு மணியில் மாடு."

இறக்கி விட்டுவிட்டாள். மெட்ரோ ரயில் வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புகளுக்கு நடுவில், எந்தச் சந்து எங்கே போகிறது என்று பிடிபடாமல், வாழைத்தண்டோடு முக்கால் மணி நேரம் நடந்து வீட்டுக்கு வந்தேன். பாலைவனத்தின் மேல் ராத்திரியும் பகலும் வழி தப்பாமல் பறந்தவன் நான்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாண்டி பஜார் நடந்திருக்காவிட்டால்.

அன்று ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். அவள் ஸ்கூட்டரை ஜவுளிக்கடை ஓரத்தில் நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டி, சாவியோடு உள்ளே போய்விட்டாள். வெயில். நான் வண்டியிலேயே, பின்சீட்டில், உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் உட்காரலாம் என்று தோன்றவேயில்லை. பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்கிற அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"பெருசு, வண்டிய எடு. லோடு வண்டி உள்ள வர்ணும்."

"சாவி வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கு. கடைக்குள்ள போயிருக்காங்க."

"போன் போட்டு சாவிய வாங்கி எடு."

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கு மேல குந்திகினு கீற?"

இந்தக் கேள்விக்கு விமானப்படையில் எந்தப் பயிற்சியிலும் எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை.

லோடு வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். நான் இறங்கக் காலைத் தூக்குவதற்குள் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பிடித்து, ஸ்கூட்டரை என்னோடு சேர்த்தே தூக்கிவிட்டார்கள். கொண்டுபோய்க் கடை வாசலில், பட்டுப்புடவை கட்டிய இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் இறக்கி வைத்தார்கள். அரை மணி கழித்து வெளியே வந்த என் மனைவி, பொம்மைகளைப் பார்த்து, அந்தப் புடவையின் முந்தானையைப் பிடித்துப் பார்த்து, என்னைத் தாண்டிப் போய், வண்டி காணோமே என்று தெருவெல்லாம் தேடினாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நான் ஸ்கூட்டர் கத்துக்கப் போறேன்."

அவள் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

விமானம் ஓட்டத் தெரிந்தவனுக்கு இருசக்கர வண்டி எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு தடவை நண்பனின் மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். அது என்னைக் கேட்காமல் நேராகப் போய், கமாண்டண்ட் தன் கையால் வளர்த்த ரோஜாப் பாத்தியில் நுழைந்தது. அவர் அப்போது அங்கேதான் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார். அதன்பின் மூன்று வாரம் தினமும் சாயங்காலம் ரோஜாவுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அன்றோடு இரண்டு சக்கரத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஜீப் வந்தது, கார் வந்தது, கூடவே டிரைவரும் வந்தார். மயிலாப்பூர் ஃப்ளாட்டிலோ கார் நிறுத்த இடமே கிடையாது.

பட்டினப்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு காலி மைதானத்தில் ஸ்கூட்டர் வகுப்பு நடப்பதாக விசாரித்து, என் மனைவியே போன் செய்தாள். "எங்காத்துல ஒருத்தருக்குக் கத்துக்கணும்" என்று மட்டும் சொன்னாள். எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், பாலிஷ் போட்ட ஷூவோடு காலை ஆறரைக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகப் போய் நின்றேன். நான்கு ஸ்கூட்டர்கள். ஏழெட்டுப் பெண்கள். நடுவில் விசில் மாட்டிய ஒரு அம்மாள், நாற்பது வயசு இருக்கும், டிராக் பேன்ட்டும் சுடிதார் டாப்ஸும்.

"இன்னா சார், அம்மா வர்லியா?"

"நான்தான் கத்துக்க வந்திருக்கேன்."

அவர் திரும்பி மரத்தில் கட்டியிருந்த தட்டியைக் காட்டினார். "இதுல இன்னா எய்திகீது?"

மகளிருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. மனைவி இதை என்னிடம் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போது ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், கை நிறைய வளையல், குரலெடுத்துச் சொன்னார்: "ஏ டீச்சர், பாவம், குளிச்சு ரெடியாகி வந்திருக்காவ. இருந்துட்டுப் போட்டும்."

திருநெல்வேலிக்காரர். தி. நகரில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. கடைக்குப் போக வர, கணவர் கார் அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பாமலே இருந்ததால் கோபித்துக்கொண்டு ஸ்கூட்டர் கற்க வந்தவர்.

டீச்சர் யோசித்தார். "சர்தான். ஆனா நான் சொல்றத கேக்கணும். எதுத்துப் பேசக்கூடாது. ஹெல்மெட் இங்க கீறதுதான்."

இருந்த ஹெல்மெட்டுகளில் என் தலைக்கு நுழைந்தது ஒன்றே ஒன்று. இளஞ்சிவப்பு. இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி.

"இன்னா வேல பாத்த நைனா?" என்று நாடாவை மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"விமானப்படை."

"ஏரோப்ளேன்ல இன்னா பண்ணிகினு இருந்த?"

"ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு டீச்சர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்: "பரவால்ல. அங்க குறுக்க நாய் வராது. இங்க வரும். அவ்ளோதான் வித்தியாசம்."

விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் அதை ஒருமுறை சுற்றி வந்து சக்கரம், இறக்கை எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். உடம்பில் ஊறிப் போன பழக்கம். ஸ்கூட்டரையும் சுற்றினேன். முன் டயரைத் தொட்டேன், லைட்டைத் தொட்டேன், பின்னால் போய் நம்பர் பிளேட்டைத் தொட்டேன். திருநெல்வேலி அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அவரும் வண்டியைச் சுற்றி வந்து, டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் எட்டுப் பேரும் பிரதட்சிணம் செய்தார்கள். ஒருவர் ஹேண்டிலுக்குக் கதம்பம் வைத்தார். நான் இது கும்பிடு இல்லை, சோதனை என்று விளக்கப் போனேன்.

"நீ ஏரோப்ளேனயே கும்ட்டுட்டுத்தான் எடுப்பியா நைனா?" என்றார் டீச்சர். "நல்ல பய்க்கம்."

விளக்குவதை விட்டுவிட்டேன்.

நான்காம் நாள்தான் அந்த விபத்து. விமானத்தில் வேகம் கூட்ட வேண்டுமானால் த்ராட்டிலை முன்னால் தள்ளுவோம். குறைக்க வேண்டுமானால் நம் பக்கம் இழுப்போம். ஸ்கூட்டரில் எல்லாம் தலைகீழ். நம் பக்கம் முறுக்கினால்தான் அது பறக்கும். மூளைக்கு இது தெரியும். கைக்குத் தெரியாது. மைதானத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே வந்தது. டீச்சர் முன்பே எச்சரித்த நாய். நான் பதறாமல், முப்பத்தாறு வருஷ அனுபவத்தோடு, வேகத்தைக் குறைக்க நம் பக்கம் இழுத்தேன்.

நாய் தப்பித்தது. நான் மைதானத்தின் கடைசிக்குப் போனேன். அங்கே கம்பு நட்டு மீன் வலைகள் காயப் போட்டிருந்தார்கள். முதல் வலை என்னைப் பிடித்தது, இரண்டாவது வலை வண்டியைப் பிடித்தது, மூன்றாவது எங்கள் இருவர் மேலும் மெதுவாக வந்து விழுந்தது. வண்டி ஆஃப் ஆகிவிட்டது. அடி எதுவும் இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஒழுங்காக யோசித்துக்கொண்டிருந்தேன்.

வலைக்குச் சொந்தக்கார அம்மா ஓடி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். இளஞ்சிவப்பு ஹெல்மெட்டுக்குள் வெள்ளை மீசையைப் பார்த்ததும் திகைத்துவிட்டார்.

"அய்ய, இன்னா மீனுடி இது?" என்று கத்தினார்.

எட்டுப் பெண்களும் அவரும் சேர்ந்து என்னை விடுவிக்கக் கால் மணி ஆயிற்று. சட்டைப் பித்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணியில் மாட்டியிருந்தது. வலை கிழியவில்லை என்று தெரிந்தபின்தான் அந்த அம்மா என்னைத் திட்ட ஆரம்பித்தார். திட்டி முடித்துவிட்டு டீயும் வாங்கித் தந்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே என் மானத்தைக் கொஞ்சம் மீட்கலாம் என்று ஒரு பழைய கதையைச் சொன்னேன். நிஜமாக நடந்தது. இளம் அதிகாரியாக வடகிழக்கு மலைகளில் சரக்கு விமானம் ஓட்டிய காலம். காவல் முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், உயிர்க் கோழி எல்லாம் கொண்டுபோவோம். ஒருநாள் நடு வழியில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டது. கீழே மேகம். பள்ளத்தாக்கின் முடிவில் கைக்குட்டை அளவுக்கு ஓடுபாதை. விமானம் குலுங்கிய குலுக்கலில் பின்னால் கோழிக் கூடைகள் உடைந்து, நாற்பது கோழிகளும் காக்பிட்டுக்கு வந்துவிட்டன. என் துணை விமானியின் தோளில் ஒன்று, உயரமானியின் மேல் ஒன்று. அதைத் தள்ளித் தள்ளி உயரம் பார்த்துத்தான் இறங்கினேன். அதற்காக ஒரு பதக்கமும் கொடுத்தார்கள்.

கேட்டு முடித்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

"கோயி அல்லாம் உசுரோட கீதா?" என்று கேட்டார் டீச்சர்.

"எல்லாம் பிழைச்சுது."

"அதான் வோணும்" என்றார். பதக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் நேராகப் போக, நிற்க, திரும்ப வந்துவிட்டது. மிச்சம் இருந்தது எட்டு. லைசென்ஸ் வாங்க ஆர்.டி.ஓ. மைதானத்தில், காலைக் கீழே ஊன்றாமல், எட்டு வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டவேண்டும். எனக்கு இதில் பயமே இல்லை. ஆகாயத்தில் எத்தனையோ எட்டுப் போட்டிருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். எட்டுப் பழகத் தொடங்கிய அன்று மணலில் குச்சியால் படம் வரைந்து, வளைவில் வண்டி எத்தனை பாகை சாயவேண்டும், எடை எந்தப் பக்கம் தள்ளும் என்று எட்டுப் பேருக்கும் இருபது நிமிஷம் வகுப்பெடுத்தேன். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். பிறகு திருநெல்வேலி அம்மாள் போய் முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

நான் போனேன். எட்டின் மேல் வட்டம் வந்தது. கீழ் வட்டம் திறந்தே இருந்தது. அடுத்த தடவை ஆறு வந்தது. அதற்கடுத்து, டீச்சர் சொன்னபடி, "ஜாங்கிரி."

"தரைய இன்னாத்துக்கு பாக்குற? தரைய பாத்தா தரைக்குத்தான் போவ. திரும்பற எடத்த நிமுந்து பாரு நைனா!"

"அண்ணாச்சி, கணக்கு எல்லாம் போடாதிய" என்றார் திருநெல்வேலி அம்மாள். "சும்மா போங்க. வண்டிக்குத் தெரியும்."

வண்டிக்குத் தெரியவில்லை.

தேர்வு நாளன்று என் மனைவியும் வந்தாள். நிழலில் நின்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். ஆனால் கை அடிக்கடி கழுத்துக்குப் போனது. ஆய்வாளர் என் விண்ணப்பத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். சட்டென்று எழுந்து, குதிகாலைச் சேர்த்து, கச்சிதமாக ஒரு சல்யூட் அடித்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றார்கள்.

"சார், நான் உங்க தளத்துல எஞ்சின் பிரிவுல கார்ப்பரலா இருந்தேன் சார். படையை விட்டு வந்தப்புறம் இந்த வேலை."

"ரொம்ப சந்தோஷம். என்னை ஞாபகம் இருக்கா?"

"எப்படி சார் மறக்கும்? ஒரு தடவை ஒரே வேலையை மூணு முறை பிரிச்சு மாட்டச் சொன்னீங்க. ஒரு போல்ட் அரை சுத்து இறுகலைன்னு."

"இறுகியிருந்துதா?"

"இல்ல சார். நீங்க சொன்னது சரிதான் சார்."

பட்டாம்பூச்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். மேல் வட்டம் அருமையாக வந்தது. நடுவில் கடக்கும்போது, நான் செய்துவிட்டேனே என்று ஆச்சரியப்பட்டுக் கீழே பார்த்தேன். வண்டி ஆடியது. இடது கால் தானாகத் தரையைத் தொட்டது. தொட்டது என்பதுகூட அதிகம். ஷூவின் நுனி லேசாக உரசியது, அவ்வளவுதான்.

ஆய்வாளர் அருகில் வந்தார். முகம் வேர்த்திருந்தது. மறுபடியும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கையை இறக்காமலே சொன்னார்:

"சார்! கால் ஊணிட்டீங்க சார்! ஃபெயில் சார்!"

நானும் ஹெல்மெட்டோடு சல்யூட் அடித்தேன். வேறென்ன செய்ய? அரை சுற்று போல்ட்டுக்கு மூன்று முறை பிரிக்க வைத்தவன் நான். என் மனைவி தண்ணீர் பாட்டிலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. திருநெல்வேலி அம்மாள் அன்றே பாஸ் செய்தார். ஆனால் எனக்காகப் பெரிய சத்தம் போடாமல், அடக்கமாக ஒரே ஒரு குலவை மட்டும் விட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. சொல்லக் கூச்சம்தான். பதவி உயர்வு ஒருமுறை தள்ளிப் போனபோதுகூட இவ்வளவு வருத்தப்படவில்லை. டீச்சர் என்னை மரத்தடியில் உட்கார வைத்தார்.

"எனக்கு நாலாவது தபாதான் வந்துச்சு" என்றார். "மொத மூணு தபா வூட்டுக்குப் போய் கதவ சாத்திகினு அய்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ ஏரோப்ளேன் ஓட்னவனாச்சேன்னு சொல்றேன். நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு. ஆறரை இல்ல, ஆறு."

வந்தேன். அடுத்த பதினைந்து நாளும் வந்தேன். அவர் எனக்கு முன்னால், எட்டின் பாதையில், திரும்பி என்னைப் பார்த்தபடி பின்பக்கமாக ஓடுவார். "என் மூஞ்ச பாரு! என் மூஞ்ச மட்டும் பாரு!" என்று கத்துவார். கடற்கரையில் நடக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வளைந்தேன். ஒருநாள் வட்டம் மூடிக்கொண்டது.

இரண்டாவது தேர்வில் அதே ஆய்வாளர். அன்று நான் யாரையும் பார்க்கவில்லை, எதையும் கணக்குப் போடவில்லை. வேலிக்கு வெளியிலிருந்து மட்டும் ஒரு குரல் வந்துகொண்டிருந்தது: "நிமுரு நைனா! நிமுரு!" ஒரு எட்டு முடிந்து, தெரியாமல் இரண்டாவது எட்டும் போட்டு, நிறுத்தச் சொல்லாததால் மூன்றாவதும் தொடங்கிவிட்டேன். ஆய்வாளர் கையைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"போதும் சார்! பாஸ் சார்! இறங்குங்க சார்!"

அன்று அடையாறில் ஒரு ஹோட்டலில் திருநெல்வேலி அம்மாள் எல்லோருக்கும் டிபன் வாங்கித் தந்தார். டீச்சரும் என் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பற்றி, நான் இல்லாதது மாதிரியே, ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் மூன்றாவது தோசையைச் சாப்பிட்டேன்.

இப்போது சனி, ஞாயிறு காலைகளில் நான் அந்த மைதானத்தில்தான் இருக்கிறேன். டீச்சருக்கு முழங்கால் வலி. புதிதாக வருகிறவர்களின் ஸ்கூட்டரைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டும் என்றார். நான் தினமும் ஓடிப் பழகியவன். போன வாரம் ஒரு வங்கி மேலாளர் சேர்ந்தார். கண்டிப்பான பெண்மணி. நான் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் நன்றாகவே ஓட்டினார். சரி, இனி விடலாம் என்று கையை எடுக்கப் போனேன்.

"விட்டுடாதீங்க, சொல்லிட்டேன்! விட்டா மேலிடத்துல புகார் பண்ணுவேன்!" என்றார் திரும்பாமலே.

அதனால் விடவில்லை. மைதானத்தை ஏழு சுற்று ஓடினோம்.